1908: எவர்ஸ் கையில் இருந்தது எந்தப் பந்து?

மத்தி37:
1908-ல் நியூயார்க் ஜயன்ட்ஸ் பேஸ்பால் அணி லீக் பட்டத்தை இழந்ததற்கு ஃபிரெட் மெர்க்கலின் மடத்தனம்தான் காரணம் என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை.

செப்டம்பர் 23, போலோ கிரவுண்ட்ஸ். சிகாகோ கப்ஸுடன் ஆட்டம் 1-1. கடைசி, ஒன்பதாவது இன்னிங்ஸ், ஜயன்ட்ஸ் அடிக்கிறார்கள், இரண்டு பேர் அவுட். மூன்றாம் பேஸில் மெக்கார்மிக், முதல் பேஸில் 19 வயது மெர்க்கல். பிரிட்வெல் அடித்த பந்து நடு மைதானத்துக்குப் போக, மெக்கார்மிக் ஓடிவந்து ரன் எடுத்துவிட்டார். ஜனங்கள் மைதானத்துக்குள் பாய்ந்ததும் மெர்க்கல் இரண்டாம் பேஸைத் தொடாமலே உடை மாற்றும் அறைப் பக்கம் திரும்பிவிட்டான். அந்தக் காலத்தில் எல்லோரும் செய்ததுதான். அப்புறம் கப்ஸின் இரண்டாம் பேஸ் ஆட்டக்காரர் ஜானி எவர்ஸ் ஒரு பந்தோடு இரண்டாம் பேஸில் நின்று அவுட் கேட்டார். அது எந்தப் பந்து? இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

மூணுவிரல்:
விதி புத்தகத்தில் இருந்தது. முதல் பேஸில் இருப்பவன் இரண்டாம் பேஸைத் தொட்டாக வேண்டும். அதற்குள் எதிரணி அடித்த பந்தோடு அந்த பேஸைத் தொட்டால் அவன் அவுட். அது மூன்றாவது அவுட் ஆனால் அந்த ரன் செல்லாது. அம்பயர் ஹாங்க் ஓ'டே அவுட் கொடுத்தார். லீக் தலைவர் ஹாரி புல்லியமும் அதை உறுதி செய்தார். உங்களுக்கு வேறு என்ன வேண்டும்?

மத்தி37:
நான் விதியைக் கேட்கவில்லை, பந்தைக் கேட்டேன். ஜயன்ட்ஸின் மெக்கினிட்டி அடித்த பந்தைப் பிடுங்கிக் கூட்டத்துக்குள் வீசிவிட்டார். கூட்டத்துக்குள் போன பந்து எவர்ஸ் கைக்கு எப்படி வந்தது?

மூணுவிரல்:
கப்ஸ்காரர்கள் கூட்டத்தில் புகுந்து மீட்டுக் கொடுத்தார்கள். ஆடாத ஆள் பந்தைப் பிடுங்கி எறிந்தது உங்கள் பக்கம். அதை நீங்களே பெருமையாக எழுதுகிறீர்கள்.

ஹோனஸ்_தம்பி:
அண்ணன்மார்களே, செப்டம்பர் 4-ஐ ஏன் யாருமே பேசுவதில்லை? பிட்ஸ்பர்கில் இதே கப்ஸ், இதே ஓ'டே. எங்கள் பிட்ஸ்பர்க் அணியின் கில் இதே மாதிரி இரண்டாம் பேஸைத் தொடாமல் போனார். எவர்ஸ் கத்தினார், ஓ'டே அவுட் கொடுக்கவில்லை. நாங்கள் 1-0 என்று ஜெயித்தோம்.

மூணுவிரல்:
அதனால்தான் அடுத்த தடவை ஓ'டே கண்ணை அகல விரித்து வைத்திருந்தார். 19 நாள் முன்னால் எச்சரிக்கை வந்தும் ஜயன்ட்ஸ் திருந்தவில்லை என்றால் யார் குற்றம்?

மத்தி37:
எச்சரிக்கையா? ஒரே மாதத்தில் ஒரே தப்புக்கு ஒருவனை விட்டுவிட்டு இன்னொருவனைத் தண்டிப்பதற்கு உங்கள் ஊரில் நீதி என்று பெயரா? பேஸ் பக்கம் நின்ற இன்னொரு அம்பயர் எம்ஸ்லி தான் பார்க்கவில்லை என்றார். ஹோம் பிளேட்டில் நின்ற ஓ'டே தீர்ப்பு சொன்னார். சரி, தீர்ப்பை விடுங்கள். பந்து எது?

ஹோனஸ்_தம்பி:
அந்த சீசனில் எங்கள் ஹோனஸ் வாக்னரின் பேட்டிங் சராசரி .354. லீக்கிலேயே முதலிடம். அவரைப் பற்றி ஒரு வரி எழுத இங்கே ஆள் இல்லை.

மத்தி37:
தம்பி, வாக்னருக்குத் தனி இழை திறந்துகொள்ளுங்கள். எங்கள் பந்து வீச்சாளர் மேத்யூசன் அந்த வருடம் 37 ஆட்டம் ஜெயித்தார். அதை நான் இங்கே இழுத்தேனா?

மூணுவிரல்:
பெயரிலேயே 37-ஐ ஒட்டிக்கொண்டு இழுக்கவில்லையாம்! அன்றைய ஆட்டம் சமன் என்று முடிந்ததால் அக்டோபர் 8-ல் நடந்த மறு ஆட்டத்தில் அதே மேத்யூசன்தான் பந்து வீசினார். மூன்றாவது இன்னிங்ஸில் 4 ரன் கொடுத்தார். எங்கள் மொர்டெக்காய் பிரவுன் முதல் இன்னிங்ஸிலேயே உள்ளே வந்து கடைசி வரை வீசினார். 4-2. அந்த ஆட்டத்தில் எந்தப் பந்து என்று எவரும் கேட்கவில்லை. அதற்கு முன்னால் ஐந்தே நாளில் பிலடெல்பியாவின் பந்து வீச்சாளர் கோவலெஸ்கி ஒருவரே உங்களை மூன்று முறை தோற்கடித்தார். அதில் ஒன்றை ஜெயித்திருந்தால் மறு ஆட்டமே வேண்டியதில்லை.

மத்தி37:
நான் சொல்வதும் அதேதானே! கோவலெஸ்கியிடம் தோற்றது மொத்த அணி. பழி மட்டும் ஒரு பையன் தலையில். அன்று அவன் தொடக்கத்திலிருந்து ஆடியதே வழக்கமான முதல் பேஸ் ஆட்டக்காரர் டென்னிக்கு முதுகுவலி என்பதால்தான். மேலாளர் மெக்ரா அவனை ஒரு வார்த்தை திட்டவில்லை, சம்பளத்தைக் கூட்டினார். மேலாளருக்கே இல்லாத கோபம் உங்களுக்கு எங்கிருந்து வருகிறது?

மூணுவிரல்:
கோபம் இல்லை. கப்ஸ் 99 வெற்றி, ஜயன்ட்ஸ் 98. கணக்கு.

ஹோனஸ்_தம்பி:
பிட்ஸ்பர்கும் 98. அதையும் எழுதுங்கள்.

மூணுவிரல்:
போன மாதம் 1919 இழையிலும் மத்தி இப்படித்தான், பதில் கிடைத்த பிறகும் அதே கேள்வியை நாற்பது தடவை கேட்டார்.

மத்தி37:
அங்கேயும் நீங்கள் பதில் சொல்லவில்லை, இங்கேயும் சொல்லவில்லை. "மீட்டுக் கொடுத்தார்கள்" என்பது எவர்ஸ் தரப்புக் கதை. மைதானம் முழுக்க ஜனம், மாலை இருட்டு. அதில் அது அடித்த பந்துதான் என்று ஓ'டேக்கு எப்படித் தெரிந்தது? இருட்டைக் காரணம் காட்டித்தானே ஆட்டத்தைச் சமன் என்று முடித்தார்கள்? பந்து எது?

மூணுவிரல்:
மெர்க்கல் பேஸைத் தொட்டிருந்தால் எந்தப் பந்தாக இருந்தாலும் கவலையில்லை.

மத்தி37:
பந்து எது?