அம்மம்மாவின் தோல் புண்ணாகுது, தெரிந்தவர்கள் சொல்லுங்கோ

அம்மம்மா படுத்த படுக்கை, சிறுநீர் கட்டுப்பாடில்லை, பம்பஸ் (டயப்பர்) தான். தொடையிடுக்கும் பின்பக்கமும் சிவந்து, சில இடத்தில் தோல் ஈரத்தில் ஊறி வெளிறிப்போய், துணி பட்டாலே "ஐயோ பிள்ளை, எரியுது" என்கிறா. சவர்க்காரம் போடுவதில்லை, இளஞ்சூட்டுத் தண்ணியில் கழுவி, தேய்க்காமல் ஒத்தித் துடைத்து சிங்க் ஒக்சைட் கிறீம் பூசுகிறோம், அதுவும் மெல்லிசாக, அப்பிப் பூசினால் பம்பஸ் ஈரத்தை உறிஞ்சாது. பார்க்க வருகிற சனமெல்லாம் பவுடர் போடச் சொல்லுது, அது மடிப்புக்குள் கட்டிபட்டு இன்னும் உரசும் என்று யார் அவைக்கு விளக்குவது! இப்ப ஓரத்தில் சின்னச் சின்னச் சிவப்புப் பொட்டுகளும் வருகுது, பங்கஸ் (பூஞ்சைத் தொற்று) ஓ தெரியாது, நாளைக்கு டொக்டரிடம் காட்டுவோம்.

யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலி, கோண்டாவில் பக்கம் டைமெதிக்கோன் (ஈரம் தோலில் படாமல் தடுக்கிற சிலிக்கோன்) கலந்த கிறீம் எந்தப் பாமசியில் எடுக்கலாம்? இராத்திரியில் எத்தனை தரம் பம்பஸ் மாற்றுகிறீர்கள்? வீட்டுக்கு வந்து பார்க்கும் தாதி ஆரையும் தெரிந்தால் இன்பொக்ஸில் போடுங்கோ.