துலங்கலா, துளங்கலா? எரிபொருள் கலப் பாடத்துக்கு ஒரு சொல் தேவை

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் சேர்த்து மின்சாரம் தரும் ஹைட்ரஜன் எரிபொருள் கலத்துக்குக் கணினி மாதிரி அமைப்பது பற்றி ஒரு பாடத்தைத் தமிழில் எழுதி வருகிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். 'டிரான்சியன்ட் ரெஸ்பான்ஸ்' என்ற இடத்தில் நின்றுவிட்டேன்.

பொருள் இதுதான். சவ்வு வகைக் கலம் ஒன்று 0.7 வோல்ட்டில் சீராக ஓடுகிறது. திடீரென்று கூடுதல் மின்னோட்டம் கேட்கிறோம். மின்னழுத்தம் சட்டென்று விழுகிறது. புதிய சுமைக்கு எங்கே நிற்க வேண்டுமோ அதற்கும் கீழே போய், பிறகு மெல்ல ஏறி நிலைகொள்கிறது. கலத்துக்குள் எல்லாம் ஒரே வேகத்தில் மாறுவதில்லை என்பதுதான் காரணம். மின்முனைப் பரப்பில் சேர்ந்திருக்கும் மின்னூட்டம் மில்லிநொடிகளில் மாறிவிடும். கம்ப்ரஸர் வேகம் பிடித்துக் காற்றைக் கூட்டித்தர ஒரு நொடி அளவில் ஆகும். அதுவரை காற்றுப் பக்கம் ஆக்சிஜனுக்குப் பட்டினி. சவ்வின் ஈரம் சரியாகப் பத்து, இருபது நொடி. வெப்பநிலைக்கோ நிமிடக்கணக்கு.

இந்த இடைப்பட்ட நடத்தைக்குப் பெயர் வேண்டும். 'ரெஸ்பான்ஸ்' என்பதற்குத் துலங்கல் இருக்கிறது; ஆகவே கைக்கு முதலில் வருவது 'நிலையற்ற துலங்கல்'. படிப்பவர் கலமே கெட்டுவிட்டது என்று எடுத்துக்கொள்வாரோ என்று பயமாக இருக்கிறது.

---

தம்பி,

உங்கள் பயம் நியாயமானது. கட்டுப்பாட்டியலில் 'நிலையற்ற அமைப்பு' என்றால் கட்டுக்கடங்காமல் போவது. உங்கள் கலம் திரும்பி வந்து நிற்கிறதே!

'துளங்கு' என்ற வினையை எடுங்கள். அசைதல், தள்ளாடுதல் என்று பொருள். 668ஆம் குறளில் வரும் 'துளங்காது' இந்தத் துளங்குதான். தள்ளாடும் பொழுது துளங்குநிலை, நிலைகொண்டபின் துளங்காநிலை. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் எவ்வளவு கச்சிதமாக வந்து உட்கார்கிறது பாருங்கள். ஒரே வேரில் இரண்டு சொல்லும் கிடைத்துவிடுகின்றன.

தொல்காப்பிய உரியியலில் உள்ள 'அலமரல்' என்ற சொல்லையும் யோசித்தேன். அது சுழற்சி, மின்னழுத்தம் சுழலவில்லை, ஆகவே விட்டுவிட்டேன். இன்னொன்று: துளங்குதலுக்கு ஒளிர்தல் என்ற பொருளும் உண்டு. பாத்திரம் துலக்குகிறோமே, அந்தத் துலக்குக்கும் இதற்கும் உறவு இருக்குமோ என்று இரவெல்லாம் யோசனை. அதைத் தனி மடலில் எழுதுகிறேன்.

---

ஐயா,

சொல் அழகாக இருக்கிறது. ஆனால் 'துளங்குநிலைத் துலங்கல்' என்று வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பாருங்கள். வகுப்பில் கடைசி வரிசைக்கு ல, ள வேறுபாடு கேட்காது. 'வளி ஊட்டம்' என்று நான் சொன்னதை 'வலி ஊட்டம்' என்று எழுதிய நோட்டுகளைச் சிவப்பு மையால் திருத்தியிருக்கிறேன். அப்படி எழுதிய ஒரு மாணவிக்குப் பாடம் நன்றாகவே தெரிந்திருந்தது. சொல்தான் அவள் காலை வாரிவிட்டது.

'இடைமாறு துலங்கல்' என்று வைக்கலாமே? இரண்டு நிலைகளுக்கு இடையில் மாறுவது என்று பார்த்தவுடன் புரியும்.

---

எல்லோரும் துலங்கலிலேயே நிற்கிறீர்கள். 'ஹைட்ரஜன்' தலைவாசலில் நிற்பது யார் கண்ணிலும் படவில்லையா? நீரகம் என்று எழுதுங்கள். கிரேக்க வேரின் பொருளும் நீரை உண்டாக்குவது என்பதுதான். இந்தக் கலம் ஆக்சிஜனோடு சேர்த்து நீரைத்தானே வெளியே விடுகிறது? வேறெந்தப் பாடத்திலும் அந்தப் பெயர் இவ்வளவு பொருந்தாது.

---

நீரகம் நல்ல சொல்தான், ஐயா. பாடம் முழுக்க அதைப் போட்டுவிட்டு, மாணவர் வெளியே போய்த் தேடினால் எதுவும் கிடைக்காது. ஒரு பாடத்தில் ஒரு புதுச்சொல் போதும் என்பது என் கருத்து.

அம்மா சொன்ன 'இடைமாறு' எனக்கு 'இடமாறு தோற்றம்' (பாரலாக்ஸ்) என்று காதில் விழுகிறது. இயற்பியல் மாணவர்கள் நிச்சயம் குழம்புவார்கள்.

நேற்று என் கணினி மாதிரியை ஓட்டிப் பார்த்தேன். சுமையை ஒரே படியாக ஏற்றினால் மின்னழுத்தத்தில் ஆழமான பள்ளம். அதே சுமையைச் சில நொடிகளில் சாய்வாக ஏற்றினால் பள்ளம் தூர்ந்துவிடுகிறது. கலம் தள்ளாடியே தீர வேண்டும் என்றில்லை. ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறது, அவ்வளவுதான். ஆகவே 'நிலைமாற்றத் துலங்கல்'.

---

நிலைமாற்றம் வேண்டவே வேண்டாம். நீராவி நீராவதும் நிலைமாற்றம்தான். அது இதே கலத்துக்குள், இதே அத்தியாயத்தில் நடக்கிறது. நீர் தேங்கிக் காற்றுவழி அடைபடுவதை விளக்கும் பத்தியில் இரண்டும் அடுத்தடுத்து வந்தால் யாருக்குப் புரியும்? 'மாறுநிலை' என்று திருப்பிப் போட்டாலும் சிக்கல், மாறுநிலை வெப்பநிலை (கிரிட்டிகல் டெம்பரேச்சர்) ஏற்கெனவே இருக்கிறது. 'மாறுகாலம்' யாருடைய இடத்தையும் பிடிக்கவில்லை.

---

அனைவருக்கும் நன்றி.

'மாறுகாலத் துலங்கல்' என்றே எழுதுகிறேன். மூன்று பேர் சரி என்றார்கள், ஒருவர் 'சரி, போகட்டும்' என்றார். நிலைகொண்டபின் வருவதற்கு 'நிலைத்த துலங்கல்'. ஹைட்ரஜன் அப்படியே இருக்கும்.

---

தம்பி,

எனக்கு உடன்பாடில்லை. மாறுகாலம் எவ்வளவு நேரம் என்பதைச் சொல்கிறது. அந்த நேரத்தில் கலம் என்ன பாடுபடுகிறது என்பதைச் சொல்லவில்லை. சாய்வாக ஏற்றினால் பள்ளம் தூர்ந்துவிடும் என்றால், பள்ளம் தனிப்பொருள் என்றுதானே ஆகிறது? அதற்குத் தனிப்பெயர் வேண்டாமா? 'துளக்கம்' என்று வையுங்கள். துலங்கலோடு ஒலியிலும் மோதாது.

---

ஐயா, பாடம் நேற்றே போய்விட்டது. அதில் 'பள்ளம்' என்று எழுதியிருக்கிறேன். மெய்ப்பு திரும்பி வரும்போது துளக்கத்தைப் போட்டுப் படித்துப் பார்க்கிறேன்.