ஜப்பானின் மியாகியில் குளிர்கால வாத்துக்கூட்டம்: விடியலில் எங்கே நிற்பது, பகலில் எங்கே தேடுவது?

வயல்வரப்பு கேட்டது:

வணக்கம். டிசம்பர் முதல் வாரம் இரண்டு நாள் மியாகி போகிறோம். இஸுநுமா ஏரியிலிருந்து வெண்ணெற்றி வாத்துகள் விடியலில் கிளம்புவதைப் பார்க்க வேண்டும். வாடகைக் கார்தான், பனிச்சாலை பழக்கமில்லை. 8×42 பைனாகுலரும் 100–400 லென்ஸும் இருக்கின்றன. எத்தனை மணிக்குக் கரையில் இருக்க வேண்டும்? பகலில் அவை எங்கே போகும்? இஸுநுமா, கபுகுரிநுமா சதுப்பு இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் எது?

நாணல்காடு:

அந்த வாரத்தில் அங்கே சூரியன் 6:35 வாக்கில் எழும். வாத்துகள் அதற்குக் காத்திருக்காது. உதயத்துக்கு அரை மணி முன்பே முதல் கூட்டங்கள் கிளம்பிவிடும். பெரும்பகுதி உதயத்துக்குள் போய்விடும். 5:45க்குக் கரையில் நின்றுவிடுங்கள். கரையை நெருங்கும்போதே முகப்பு விளக்கை அணைத்துவிட வேண்டும். தண்ணீர்மேல் விளக்கொளி அடித்தால் பக்கத்தில் இருக்கும் கூட்டம் இருட்டிலேயே எழுந்துவிடும். உங்களுக்கும் காட்சி போச்சு, பக்கத்தில் நிற்பவர்களுக்கும் போச்சு.

அவை ஏரியில் தூங்குவது நரியிடமிருந்து தப்பிக்கத்தான். இஸுநுமாவின் சராசரி ஆழம் ஒரு மீட்டர்கூட இல்லை, ஆனால் சுற்றிலும் தண்ணீர் இருந்தால் போதும். வெளிச்சம் வந்ததும் நெல்வயலுக்குக் கிளம்பும். அதனால் நேரத்தைத் தீர்மானிப்பது கடிகாரம் இல்லை, வெளிச்சம். மேகம் மூடிய காலையில் தாமதமாகும். அடர்ந்த மூடுபனியில் சிறு சிறு கூட்டமாக, இழுத்துக்கொண்டே போகும். ஏரி முழுக்க ஒரே வீச்சில் எழும் காட்சி தினமும் கிடைக்காது. இரண்டு காலையையும் இதற்கே வைத்துக்கொள்ளுங்கள்.

சூரியனுக்கு எதிரே கறுத்த உருவங்களாக வேண்டுமென்றால் மேற்குக் கரையில் நின்று கிழக்கே பாருங்கள். லென்ஸை 100க்கு இறக்குங்கள். 400இல் தனிப் பறவைதான் கிடைக்கும், கூட்டத்தின் பரப்பு கிடைக்காது. அந்த வெளிச்சத்தில் 1/500க்கே ஐஎஸ்ஓ 3200க்கு மேல் போக வேண்டிவரும். தயங்க வேண்டாம், வானம் வெளுத்தபின் குறைத்துக்கொள்ளலாம்.

வாத்து போனதும் கிளம்பிவிடாதீர்கள். ஓஹாகுச்சோ எனும் பெரிய அன்னங்கள் உதயத்துக்குப் பிறகுதான் குடும்பம் குடும்பமாகக் கிளம்பும். உடல் கனம், தண்ணீர்மேல் நீண்ட தூரம் ஓடித்தான் எழ முடியும். அந்த நேரத்தில் வெளிச்சமும் நன்றாக இருக்கும், 400 லென்ஸுக்கு உண்மையான வேலை அப்போதுதான்.

சேற்றுக்கால்:

பகல் பற்றி நான் சொல்றேங்க. இவை மேய்வது அறுவடைக்குப் பின் சிந்திக் கிடக்கும் நெல்மணி. அதனால தாள் நிற்கும் வயலாப் பார்த்துத் தேடுங்க. இலையுதிர் காலத்திலேயே உழுதுபோட்ட வயல்ல மணி மண்ணுக்குள்ள போயிருக்கும், அங்க இறங்காது. டிசம்பர்ல நெல் இன்னும் மிச்சமிருக்கும். குறையக் குறைய சிந்தின சோயா, வரப்புப் புல்னு மாறும். பனி ஆழமாப் படிஞ்சா எதையும் எடுக்க முடியாம வேற ஊர்ப்பக்கம் நகர்ந்துடும்.

கார்தான் உங்க மறைவிடம். இறங்காதீங்க. கார் நின்னா பொறுத்துக்கிற கூட்டம், கதவு திறந்து மனுஷ உருவம் தெரிஞ்ச நொடி எழுந்துடும். எஞ்சினை அணைச்சு, கண்ணாடியை முழுசா இறக்கி, உள்ளே வெளியே வெப்பம் சமமாகற வரைக்கும் பொறுங்க. ஹீட்டர் ஓடுற காரிலிருந்து சூடான காத்து ஜன்னல் வழியா அலையடிக்கும். ஃபோகஸ் சரியா இருந்தும் படம் மங்குறதுக்குப் பாதிக் காரணம் அதுதான்.

கழுத்துகளைக் கவனிங்க. மேயும்போது தலை கீழே இருக்கும், காவலுக்கு ஒண்ணு ரெண்டுதான் நிமிர்ந்திருக்கும். நிறைய தலை ஒரே நேரத்தில நிமிர்ந்து, முனகல் நின்னுச்சுன்னா நீங்க ரொம்ப நெருங்கிட்டீங்க. அப்படியே மெதுவாப் பின்வாங்குங்க. ஒவ்வொரு தடவை பறக்கவிடும்போதும் அவை தின்ன நெல்லை வீணாக்குறோம்.

வயல்பாதை ஒரு கார் அகலம்தான். விவசாயியின் சின்ன லாரி வந்தா ஒதுங்க இடமிருக்கான்னு பார்த்துட்டு நில்லுங்க. வரப்புல கால் வைக்காதீங்க. பனி பெய்திருந்தா பாதை ஓரத்துப் பாசனக் கால்வாய் கண்ணுக்கே தெரியாது, சக்கரம் உள்ளே இறங்கினா இழுவை வண்டி வரணும். வாடகைக்கு எடுக்கும்போதே ஸ்டட்லெஸ் டயர் (பனிச்சாலைக்கான டயர்) இருக்கான்னு கேட்டு உறுதி பண்ணிக்குங்க. சாலை காய்ஞ்சிருந்தாலும் விடியல்ல பாலங்கள்மேல உறைஞ்சிருக்கும்.

கூடடையும்நேரம்:

இரண்டில் ஒன்று என்ற கேள்விக்கு: விடியல் இஸுநுமாவில், மாலை கபுகுரிநுமாவில். இரண்டும் ஒரே நாளில் முடியும். உண்மையில் மாலைதான் மேல் என்பேன். விடியலில் அரை மணியில் எல்லாம் முடிந்துவிடும். மாலையில் நாலு திசையிலிருந்தும் வரிசை வரிசையாக வந்துகொண்டே இருக்கும். சூரியன் 4:15 வாக்கில் மறையும். அதன்பின் அரை மணிக்கு மேலும் வரத்து நிற்காது. ஏரிக்கு மேலே வந்ததும் உடலைப் பக்கவாட்டில் புரட்டிப் புரட்டி, சிறகடியில் இருக்கும் காற்றை நழுவவிட்டு இறங்கும். உயரத்தை விரைவாக இழக்க அதுதான் வழி. கிழக்குப் பக்கம் நின்றால் பின்னணியில் மேற்கு வானம் இருக்கும். முழுநிலாவை ஒட்டிய நாட்களில் தாமதமாகத் திரும்பும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கபுகுரிநுமா நாணல் சதுப்பு. சுற்றியுள்ள நெல்வயல்களையும் சேர்த்தே 2005இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில், ஏறியது. இஸுநுமா 1985இலேயே ஏறிவிட்டது. அறுவடைக்குப் பின் தண்ணீர் கட்டிய வயல்களை அங்கே பார்க்கலாம், ‘ஃபுயுமிஸு தம்போ’ என்பார்கள். அன்னங்களும் வாத்துகளும் அதில் ஓய்வெடுக்கும். எச்சம் உரமாகும். சேற்றில் பெருகும் நுண்புழுக்கள் மேலே மெல்லிய குழம்படுக்கு ஒன்றை உண்டாக்குவதால் களைவிதை முளைக்கத் திணறும். பறவையும் உழவரும் ஒரே வயலை வைத்துப் பிழைக்கும் இந்த ஏற்பாட்டுக்காகவே அந்த ஊருக்குப் போகலாம். 1971இல் வேட்டையிலிருந்து காப்பாற்றப்பட்டதால்தான் இந்தக் கூட்டம் இந்த அளவுக்குத் திரும்பி வந்திருக்கிறது.

கூட்டத்தில் வெண்ணெற்றி மட்டுமே என்று நினைக்க வேண்டாம். நெற்றி வெள்ளையும் வயிற்றில் கறுப்புப் பட்டையும் இல்லாதவை அவ்வாண்டுக் குஞ்சுகள். உருவில் பெரிதாய், கறுப்பு அலகின் முனைப்பக்கம் ஆரஞ்சுப் பட்டையுடன் இருந்தால் ஹிஷிகுய் என்ற வேறு வாத்தினம். கபுகுரிநுமாவில் நீர்க்கஷ்கொட்டை தின்னும். சிறியது, கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம், வெள்ளை உச்சந்தலைவரை ஏறியிருந்தால் கரிகனே. அரிது, பொறுமையாக ஒவ்வொரு முகமாகப் பார்த்தால்தான் சிக்கும். கறுத்த கழுத்தின் அடியில் வெள்ளை வளையம் இருந்தால் ஷிஜூகரகன். ஒரு காலத்தில் ஜப்பானுக்கு வருவதே ஏறக்குறைய நின்றுபோய், வளர்த்து விட்டு மீட்டெடுக்கப்பட்ட இனம் அது.

வயல்வரப்பு:

மிக்க நன்றி. ஒரு நாள் கார் கிடைக்காமல் போனால் ரயிலில் முடியுமா? குளிரில் பைனாகுலர் பனிபிடிப்பதை எப்படித் தவிர்ப்பது?

நாணல்காடு:

தொஹோகு ரயில் பாதையில் நித்தா நிலையத்தில் இறங்கினால் இஸுநுமாவுக்கு நடந்தே போகலாம். செண்டாய் நகரத்திலிருந்து வந்தால் பெரும்பாலும் கொகோதாவில் மாற வேண்டியிருக்கும். முதல் ரயிலில் வந்தாலும் விடியலுக்குச் சேர முடியாது. ரயிலில் வரும் நாளில் மாலைக் காட்சியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும் ரயில் நேரத்தை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள், வண்டிகள் குறைவு. இருட்டில் வயல்பாதையில் நடக்கத் தலைவிளக்கு வேண்டும், அதைத் தரையை நோக்கியே வையுங்கள்.

பனிபிடிப்பது வெளியே அல்ல, சூடான காருக்குள் நுழையும்போது. குளிரில் இருக்கும்போதே பைனாகுலரையும் கேமராவையும் ஜிப் பையில் போட்டு மூடி, உள்ளே வந்தபின் அரை மணி திறக்காதீர்கள். உபரி பேட்டரி உட்சட்டைப் பையில் இருக்கட்டும்.

இறந்த பறவை கிடந்தால் தொட வேண்டாம், பறவைக் காய்ச்சல் குளிர்காலம்தோறும் வரும் கவலை. நகராட்சிக்குச் சொன்னால் போதும். தீனி போடாதீர்கள். ஏரிக்கரையில் நடந்த காலணியின் அடிப்பகுதியைக் கழுவிவிட்டு அடுத்த இடத்துக்குப் போங்கள். சுற்றிலும் கோழிப்பண்ணைகள் வைத்திருப்பவர்களும் இருக்கலாம்.