மாஸ்க்கிங்: படத்தை வடிவத்துக்குள் இடுவதற்கு என்ன சொல்?

கேரளத்தின் கொழிஞ்சாம்பாறையிலிருந்து, வடிவமைப்பு வகுப்பு ஆசிரியை:

குழுவினருக்கு வணக்கம். ஒரு சொல் அவசரமாகத் தேவை. கொழிஞ்சாம்பாறையில் மாலை வகுப்பாக அச்சு வடிவமைப்பு சொல்லித் தருகிறேன். பிள்ளைகளில் சிலர் தமிழ் மீடியம், சிலர் மலையாளம் மீடியம். வீட்டுப் பேச்சு எல்லோருக்கும் தமிழ். வெள்ளிக்கிழமை பாடக்குறிப்பு அச்சுக்குப் போகிறது.

கோப்பை, டி-ஷர்ட், கீசெயின் இவற்றில் வாடிக்கையாளர் தன் படத்தை ஏற்றினால், முன்பே வரைந்து வைத்த இதயத்துக்குள்ளோ நட்சத்திரத்துக்குள்ளோ அது போய் உட்காரும் அல்லவா? அந்த மாஸ்க்கிங்கைத் தமிழில் எப்படி எழுதுவது?

ஒன்றைக் கவனியுங்கள். படம் வெட்டப்படுவதில்லை. முழுப் படமும் உள்ளே அப்படியே இருக்கிறது. வடிவத்துக்கு வெளியே இருப்பது தெரியாது, அவ்வளவுதான். இதய வடிவத்தில் மேலே நடுவில் ஒரு பள்ளம் வரும். முகம் சரியாக அங்கே மாட்டிக்கொண்டால் நெற்றி காணாமல் போகும். படத்தைக் கொஞ்சம் கீழே இழுத்தால் சரியாகிவிடும். வெட்டியிருந்தால் எதை இழுப்பது? சொல்லைப் பார்த்ததும் பிள்ளைகளுக்கு இது புரிய வேண்டும்.

செங்கோட்டையிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, புதிதாக எதையும் ஆக்க வேண்டாம். சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. இந்திரவிழவூரெடுத்த காதையில் ‘மான்கண் காலதர் மாளிகை’ என்கிறார் இளங்கோவடிகள். மானின் கண் வடிவில் திறப்பு வைத்த சாளரங்கள். வடிவம் ஒன்று, அதற்குள் தெரியும் காட்சி ஒன்று. நீங்கள் கேட்பது இதுதானே? ‘காலதர்’ என்றே வையுங்கள்.

கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சாளரத்தை வடமொழி ‘ஜால’த்தோடு சேர்ப்பார்கள், மலையாளத்தில் ஜாலகம் இன்றும் புழங்குகிறது. ஜன்னல் போர்ச்சுகீசியர் கொண்டு வந்தது. காலதர் ஒன்றுதான் முழுக்க நம்முடையது. மனையறம்படுத்த காதையில் ‘கோலச் சாளரக் குறுங்கண்’ என்று வருவதை யாராவது எடுத்துக்காட்டுவீர்கள். அங்கேயும் ‘கண்’ என்ற சொல்லைப் பாருங்கள். திறப்பைக் கண் என்று சொல்வது நம் மரபு. ஊசிக்குக் கண், வலைக்குக் கண், மதகுக்குக் கண். ‘வடிவக்கண்’ என்றாலும் எனக்குச் சம்மதமே.

பாலக்காட்டிலிருந்து, அச்சகம் நடத்துபவர்:

> காலதர் என்றே வையுங்கள்

ஐயா, மன்னிக்க வேண்டும். கோப்பைக்குப் படம் போட வந்தவரிடம் காற்று வழியைப் பற்றி நான் எப்படிப் பேசுவேன்?

எங்கள் கடையில் மாஸ்க் என்றுகூட யாரும் சொல்வதில்லை. கோரல்டிரா என்ற வரைகலை மென்பொருளில் வேலை செய்கிறோம். அதில் இந்த வேலைக்குப் பெயர் பவர்கிளிப், ‘பவர்கிளிப் போடு’ என்போம். வாடிக்கையாளரிடம் ‘ஹார்ட்டுக்குள்ள போட்டுத் தரட்டுமா?’ என்று கேட்போம். அவருக்குப் புரிகிறது.

‘வடிவவெட்டு’ என்று யாரும் கிளம்ப வேண்டாம் என்பதற்காக முன்கூட்டியே சொல்கிறேன். அழைப்பிதழை, ஸ்டிக்கரை நிஜமாகவே கத்தி வைத்து வடிவமாக வெட்டும் டை கட்டிங் என்ற வேலை இருக்கிறது. அந்தச் சொல்லை அதற்கு விட்டுவிடுங்கள். கோப்பை வேலையில் காகிதம் நீள்சதுரமாகவே இருக்கும். படத்தை இடவல மாற்றி அச்சடித்து, கிட்டத்தட்ட 200 டிகிரி சூட்டில் அழுத்தினால் மை ஆவியாகிக் கோப்பையின் மேற்பூச்சில் ஏறும். வடிவம் முழுக்க மென்பொருளுக்குள் நடந்து முடிந்த விஷயம்.

கோவையிலிருந்து, நிரலாளர் (சொந்த ஊர் சித்தூர், ஆந்திரா):

டீச்சர், ‘மறைமூடி’ என்று யாராவது சொல்லக்கூடும். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. மூடி என்றால் மேலே இருக்க வேண்டும். இல்லஸ்ட்ரேட்டர் மென்பொருளில் வடிவம் மேலே, படம் கீழே, சரி. ஃபோட்டோஷாப்பின் கிளிப்பிங் மாஸ்க்கில் தலைகீழ்: வடிவம் கீழே கிடக்கும், படம் அதன் மேல் இருக்கும். கீழே கிடப்பதை மூடி என்று எந்தப் பிள்ளை ஒப்புக்கொள்ளும்?

‘முகமூடி’யும் ஆகாது. கொரோனாவுக்குப் பிறகு அந்தச் சொல் மூக்கு, வாயைத் தாண்டி எங்கும் போகாது. செயலியில் ‘முகமூடி இடு’ என்று பொத்தான் வைத்தால் படத்தில் இருப்பவருக்கு முகக்கவசம் மாட்டிவிடும் என்று நினைப்பார்கள்.

கணினியில் மாஸ்க் என்பதன் அடிப்படை வேறு. கணினி வலையமைப்பின் முகவரியைப் பிரிக்கும் சப்நெட் மாஸ்க்கை 255.255.255.0 என்று எழுதுகிறோமே, அதில் முதல் 24 பிட்டுகள் (இரும இலக்கங்கள்) 1, மீதி 8 பிட்டுகள் 0. 1 உள்ள இடத்தில் முகவரி அப்படியே தங்கும், 0 உள்ள இடத்தில் அழியும். ஃபோட்டோஷாப்பில் லேயருக்கு, அதாவது படத்தின் ஓர் அடுக்குக்கு, இடும் லேயர் மாஸ்க்கும் அதேதான்: வெள்ளை உள்ள இடத்தில் படம் தெரியும், கறுப்பில் மறையும், சாம்பலில் மங்கலாகத் தெரியும். அதனால் இரண்டு சொல் வேண்டும் என்பது என் கருத்து. எஸ்விஜி என்ற கோட்டோவியக் கோப்பு வகையில் கிளிப்பாத் வேறு, மாஸ்க் வேறு. முதலாவது வெறும் எல்லைக்கோடு: உள்ளே தெரியும், வெளியே தெரியாது. இரண்டாவதில் ஓரம் மெல்லக் கரையலாம். இதயம், நட்சத்திரத்துக்கு முதலாவது போதும்.

ஒற்றப்பாலத்திலிருந்து:

கறுப்பு, வெள்ளை என்றதும் எங்கள் ஊர்ப்பக்கத்துத் தோல்பாவைக்கூத்து நினைவுக்கு வந்தது. பகவதி கோயில் கூத்துமாடத்தில் (கூத்துக்கான மேடையில்) வெள்ளைத் திரைக்குப் பின்னால் 21 விளக்கு வரிசையாக எரியும். மான்தோல் பாவையில் பொட்டுப் பொட்டாகத் துளையிட்டிருப்பார்கள். தோல் ஒளியை மறைக்கும், துளை விடும். கிரீடம், மாலை, கண் எல்லாம் அந்தத் துளையால்தான் தெரிகின்றன. பாடுவதோ கம்பன் பாட்டு, கேரளத்துக் கோயிலில். ஆகவே ‘பாவை’ என்ற சொல்லைப் பரிசீலிக்க வேண்டுகிறேன். கண்ணின் பாவை என்ற பொருளும் இருக்கிறது. செங்கோட்டை ஐயாவின் ‘கண்’ணோடு பொருந்தும்.

செங்கோட்டையிலிருந்து:

அருமை! பாவை என்பது ‘பா’ என்ற வேரிலிருந்து, பரவுதல் என்ற பொருளில் வந்திருக்கலாம் என்பது என் நெடுநாள் எண்ணம். திரையில் நிழல் பரவுவதால்…

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

ஐயா, வெள்ளிக்கிழமை!

ஆந்திராவின் நகரியிலிருந்து:

இங்கே எங்கள் கடைப் பையன்கள் தெலுங்கில் கேட்டுத் தமிழில் பதில் சொல்பவர்கள். மாஸ்க் என்றால் இரண்டு மொழிக்காரருக்கும் விளங்குகிறது. அப்படியே எழுதினால் என்ன குற்றம்? ‘வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ, எழுத்தொடு புணர்ந்த சொல்லாகும்மே’ என்று, வடமொழிச் சொல்லை அதன் எழுத்தை விட்டுத் தமிழ் எழுத்தில் எழுதலாம் எனத் தொல்காப்பியரே வழி விட்டிருக்கிறார். வடமொழிக்கு விட்ட வழி ஆங்கிலத்துக்கு ஆகாதா?

செங்கோட்டையிலிருந்து:

தம்பி, ஒரீஇ என்றால் நீக்கி. ஸ் என்ற எழுத்தை நீக்கி எழுதிப் பாருங்கள்: ‘மாசுக்கு’. அழுக்குக்கு என்று பொருள் படும். வாடிக்கையாளரின் குழந்தைப் படத்தை மாசுக்குள் இடுவீர்களா? செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. அந்த ஆட்சியில் தமிழில் படித்தவர்கள் சொல்லுக்காக எவ்வளவு பாடுபட்டார்கள் என்பதைக் கேட்டே வளர்ந்தவன் நான். பிறமொழிச் சொல் விளங்குகிறது என்பதற்காக நம் சொல்லைக் கைவிட என்னால் முடியாது.

கோவையிலிருந்து:

நடுவழியாக ‘வடிவடைப்பு’?

பாலக்காட்டிலிருந்து:

இதய வடிவத்துக்குப் போட்டுப் பாருங்கள் அண்ணா. ‘இதய வடிவடைப்பு’ என்று கோப்பைப் பட்டியலில் எழுதினால் வாங்க வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். கல்யாணப் பரிசுக்கு வேண்டவே வேண்டாம்.

‘மறைப்பு’ எளிய சொல்தான். ஆனால் லேயரைத் தற்காலிகமாகக் காட்டாமல் வைப்பதற்கும் ‘மறை’ என்றுதானே போட வேண்டும்? ஒரே மெனுவில் இரண்டு மறை வந்தால் வேலை கெடும்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. இன்றிரவு பக்கம் முடிக்க வேண்டும், அதனால் இப்படிச் செய்கிறேன். பொத்தானுக்குப் பெயர்ச்சொல் தேடுவதை விட்டேன். பாலக்காட்டு அண்ணாவின் கடைப்பேச்சுப்படி ‘வடிவத்துக்குள் இடு’, திரும்ப எடுக்க ‘வடிவத்திலிருந்து எடு’. விளக்கும் பத்தியில் ‘வடிவமறைப்பு’. முதல் முறை வரும்போது ‘மாஸ்க் என்று வழங்குவது’ என்று சேர்த்துவிடுகிறேன். ‘வடிவ’ என்பது முன்னால் நிற்பதால் லேயரின் ‘மறை’யோடு குழப்பம் குறையும். ஓரம் கரைகிற வகைக்கு ‘சாயல்மறைப்பு’ என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த பதிப்பு வரை அது பென்சிலிலேயே இருக்கட்டும். ஐந்து பேரில் மூவர் தனிமடலில் சரி என்றார்கள். ஒற்றப்பாலத்திலிருந்து இன்னும் பதில் இல்லை.

செங்கோட்டையிலிருந்து:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. வாடிக்கையாளர் பார்க்க விரும்புவது தெரிகிற பகுதியை. நீங்கள் மறைகிற பகுதிக்குப் பெயர் வைத்திருக்கிறீர்கள். ‘வடிவக்கண்’ணை ஒரு வகுப்பிலாவது பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள், அம்மா. அவர்கள் எதை எடுத்துக்கொள்கிறார்கள் என்று எழுதுங்கள். அப்புறம், ‘பாவை’யின் வேரைப் பற்றித் தனி இழை தொடங்குகிறேன், ஒற்றப்பாலத்து நண்பர் அங்கே வரவும்.