முதல் 2 நிமிடத்தை மனப்பாடம் செய்தால் இன்டர்வியூ நடுக்கம் போய்விடுமா?

பழையபிக்சல்:
டிசைன் இன்டர்வியூ பயம் பற்றிய வேறொரு இழையில் தறிநாடா எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "போர்ட்ஃபோலியோவை, அதாவது செய்த வேலைகளின் தொகுப்பைக் காட்டும்போது பேசும் முதல் 2 நிமிடத்தை வார்த்தை பிசகாமல் மனப்பாடம் செய்துவிடுங்கள், நடுக்கம் போய்விடும்" என்கிறார். 12 வருடமாக யூஎக்ஸ் (ஆப், இணையதளத்தைப் பயன்படுத்துகிறவருக்கு ஏற்றபடி வடிவமைக்கும்) வேலைக்கு ஆள் எடுக்கிறேன். ஒப்பிக்கிறவரை முதல் வரியிலேயே தெரிந்துவிடும். நடுவில் ஒரு கேள்வி கேட்டால் போதும், செய்யுள் மறந்த பிள்ளை மாதிரி மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பிப்பார். வேலையை உண்மையில் செய்தவருக்கு மனப்பாடம் எதற்கு?

தறிநாடா:
நான் எழுதியது ஏழு பத்தி. ஃபிக்மா என்ற டிசைன் மென்பொருளின் கோப்புக்குள் துழாவாமல் தனி ஸ்லைடு வைத்துக்கொள்வது, நெட் போனால் காட்ட ஒரு பிடிஎஃப், எது உங்கள் கைவேலை எது குழுவுடையது என்று முன்பே பிரித்து எழுதிக்கொள்வது, முடிவு ஏன் மாறியது என்பதற்குப் பழைய வரைவுகளைக் காட்டுவது. இதெல்லாம் உங்கள் கண்ணில் படவில்லை. ஒரு வரியைப் பிடித்துத் தொங்குகிறீர்கள்.

என் முதல் மூன்று இன்டர்வியூவில் பெயர் சொல்லவே நாக்கு ஒட்டிக்கொண்டது. நாலாவதில் மனப்பாடம் செய்த 2 நிமிடத்தை வாய் தானாகப் பேசியது. அதற்குள் மூச்சு சீரானது. வேலையும் கிடைத்தது.

பழையபிக்சல்:
மூன்று தடவை அடிபட்டுப் பழகியதால் நாலாவதில் கிடைத்தது. அந்தப் பெயரை மனப்பாடம் தட்டிக்கொண்டு போகிறது, தங்கச்சி.

தறிநாடா:
தங்கச்சி என்று கூப்பிட வேண்டாம். 2 நிமிடம் கைகொடுத்தது எனக்கு. உள்ளே உட்கார்ந்திருந்தவள் நான், நீங்கள் இல்லை.

கரிக்கோல்:
ஒரு நிமிடம். மனப்பாடம் என்று இருவரும் எதைச் சொல்கிறீர்கள்? வரி வரியாகவா, குறிப்பு மட்டுமா?

வெள்ளைப்பலகை:
அதெல்லாம் வேண்டாம். உள்ளே போகும் முன் இடுப்பில் கை வைத்து 2 நிமிடம் நிமிர்ந்து நில்லுங்கள். அப்போது ஹார்வர்டு பேராசிரியராக இருந்த ஏமி கட்டி 2012 டெட் உரையில் சொன்னதுதான்.

பழையபிக்சல்:
இன்னொரு 2 நிமிடமா! அதன் அடிப்படை, அப்படி நின்றால் ஹார்மோனே மாறும் என்று 2010ல் 42 பேரை வைத்துச் சொன்ன ஆய்வு. 2015ல் வேறு குழு 200 பேரை வைத்துச் செய்து பார்த்தபோது ஹார்மோன் மாற்றம் எதுவும் வரவில்லை. 2016ல் அந்த 2010 கட்டுரையின் முதல் ஆசிரியர் டானா கார்னியே இந்த விளைவு உண்மை என்று நம்பவில்லை எனச் சொல்லிவிட்டார். மனப்பாட வித்தையும் இதே வகைதான்.

வெள்ளைப்பலகை:
ஃபிக்மாவை அடோபி நிறுவனம் விழுங்கிவிட்டது, இனி அதைக் கற்பது வீண் என்று 2022ல் இங்கே முழங்கியவர் நீங்கள்தானே? 2023 டிசம்பரில் அந்த ஒப்பந்தமே கைவிடப்பட்டது. உங்கள் பேச்சை நம்பி நான் ஆறு மாதம் கோட்டை விட்டேன்.

பழையபிக்சல்:
அதை இங்கே இழுக்காதீர்கள். கேள்வி மனப்பாடம்.

தறிநாடா:
சரி, ஆய்வுக்கே வருகிறேன். 2014ல் அலிசன் உட் புரூக்ஸ் செய்தது. உரையாற்றும் முன் "நான் அமைதியாக இருக்கிறேன்" என்று சொன்னவர்களைவிட "நான் உற்சாகமாக இருக்கிறேன்" என்று சொன்னவர்கள் நன்றாகப் பேசினார்கள். முன்கூட்டியே வைத்துக்கொண்ட வார்த்தை பேச்சை மாற்றுகிறது. நான் சொன்னதும் அதுதான்.

பழையபிக்சல்:
அது ஒரே வரி. உங்களுடையது 2 நிமிடம். ஒரு வரியை யாரும் மறக்க மாட்டார்கள், 2 நிமிடத்தை மறப்பார்கள். மறந்த நொடியில் பயம் இரட்டிப்பாகும்.

தறிநாடா:
ஆங்கிலம் சரளமாக வருகிறவர்களுக்கு மனப்பாடம் கேவலமாகத்தான் தெரியும். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்துவிட்டு, முன்பின் தெரியாத நாலு பேர் முன்னால் ஆங்கிலத்தில் உங்கள் வேலையை விளக்கிப் பாருங்கள்.

பழையபிக்சல்:
நானும் திருவாரூர் பக்கத்து அரசுப் பள்ளிதான். யாரிடமும் ஒப்பிக்கவில்லை. உடைந்த ஆங்கிலத்தில் பேசினேன், பாதியைத் தாளில் வரைந்து காட்டினேன். வரைகிறவனுக்கு எதற்கு ஒப்பித்தல்?

கரிக்கோல்:
ஒரு கம்பெனி வீட்டுப்பாடம் என்று மூன்று நாள் வேலையை ஓசியில் வாங்கிக்கொண்டு இன்றுவரை பதில் போடவில்லை. இரண்டு இரவு தூங்கவில்லை நான். அதைப் பேசலாமே?

பழையபிக்சல்:
அதற்குத் தனி இழை போடுங்கள். நான் மறுபடி சொல்கிறேன்: திரையைத் திருப்பி "இந்தப் பொத்தான் ஏன் இங்கே?" என்று கேட்டால் மனப்பாடத்தில் பதில் இருக்காது. நண்பரை எதிரே உட்காரவைத்து, இடைமறித்து இடைமறித்துக் கேட்கச் சொல்லுங்கள். பத்து தடவை. நடுக்கத்துக்கு அதுதான் மருந்து.

தறிநாடா:
அதுவும் என் ஐந்தாவது பத்தியில் இருக்கிறது. படித்திருந்தால் தெரிந்திருக்கும்.

பழையபிக்சல்:
முதல் பத்தியிலேயே மனப்பாடம் என்று இருந்ததால் அதற்கு மேல் போகவில்லை.

தறிநாடா:
வியாழக்கிழமை ஒரு தம்பிக்கு முதல் இன்டர்வியூ. முதல் 2 நிமிடத்தை எழுதி மனப்பாடம் செய்யச் சொல்லியிருக்கிறேன்.

பழையபிக்சல்:
எந்தக் கேள்வியில் நின்றுபோனார் என்று வெள்ளிக்கிழமை இங்கே வந்து எழுதச் சொல்லுங்கள்.