பான்டோபிரசோல் ஏன் வெறும் வயிற்றில்? நிறுத்தினால் எரிச்சல் கூடுவது ஏன்?

கயல்:
வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் 40 மி.கி. மாத்திரையைக் காலை டிபனுக்கு அரை மணி நேரம் முன்னால் போடச் சொல்கிறார்கள். சாப்பிட்ட பிறகு போட்டால் என்ன குறைந்துவிடும்? இரண்டு மாதம் போட்டு நிறுத்தினால் முன்னைவிட எரிகிறது என்று பலர் சொல்கிறார்களே, உடம்பு பழகிவிடுகிறதா?

மாத்திரைப்பெட்டி:
மாத்திரையின் மேல்பூச்சு குடலில்தான் கரையும். மருந்து ரத்தம் வழியாகச் சுற்றி வந்து இரைப்பைச் சுவரில் அமிலம் சுரக்கும் பெரைட்டல் செல்லில் சேர வேண்டும். அங்கே புரோட்டான் பம்ப், பொட்டாசியத்தை உள்ளே இழுத்து ஹைட்ரஜன் அயனியை வெளியே தள்ளுகிறது. அங்கே அமிலம் பட்டால்தான் மருந்துக்கே உயிர் வரும். அதனால் ஓடுகிற பம்பை மட்டுமே அது பூட்டும். பட்டினியில் பெரும்பாலான பம்புகள் செல்லுக்குள் முடங்கிக் கிடக்கும், சோறு வந்தால்தான் வெளியே வரும். ரத்தத்தில் மருந்தின் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறையும் நேரம், சுமார் 1 மணி நேரம்தான். ஆகவே மருந்தும் பம்பும் ஒரே நேரத்தில் அங்கே இருக்க வேண்டும். சாப்பிட்ட பிறகு போட்டால் பலன் பூஜ்யம் ஆகாது, குறையும். முழுப் பலனுக்கு 3 முதல் 5 நாள் பிடிக்கும். உடைத்தோ மென்றோ போடாதீர்கள், மேல்பூச்சு போய், செல்லில் சேரும் முன்பே இரைப்பை அமிலத்தில் கெட்டுவிடும்.

சுரப்பி:
இரண்டாவது கேள்விக்கு: பழக்கம் இல்லை, பிரேக் விட்டுப்போவது. சாப்பாட்டு வாசனையிலேயே, மூளையிலிருந்து இரைப்பைக்கு வரும் வேகஸ் நரம்பு சுரப்பைத் தொடங்கிவிடும். இரைப்பையின் கீழ்ப்பகுதி கேஸ்ட்ரின் என்ற ஹார்மோனை விடும். அது ஹிஸ்டமினைச் சுரக்க வைக்கும். ஹிஸ்டமின் பெரைட்டல் செல்லை முடுக்கும். அந்தக் கீழ்ப்பகுதியில் பிஎச் (அமிலம் கூடக் கூட இறங்கும் எண்) 3-க்குக் கீழே இறங்கினால் சோமாடோஸ்டாட்டின் என்ற இன்னொரு ஹார்மோன் வந்து கேஸ்ட்ரினை அடக்கும். மாத்திரை அமிலத்தைக் குறைத்துவிட்டால் அடக்க ஆளில்லை. கேஸ்ட்ரின் ஏறும், ஹிஸ்டமின் செல்கள் பெருகும். நிறுத்தியதும், மருந்து பூட்டாத புதுப் பம்புகள் அத்தனை தூண்டுதலையும் மொத்தமாக வாங்கும். 2009-இல் வெளியான டென்மார்க் ஆய்வில், எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கு 8 வாரம் இதே வகை மாத்திரை கொடுத்து நிறுத்தினார்கள்: 44 சதவீதம் பேருக்கு அமிலத் தொந்தரவு. போலி மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 15.

மாத்திரைப்பெட்டி:
அதனால் நிறுத்தும்போது 40-ஐ 20 ஆக்கி, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் என்று சில வாரம் குறைப்பது உண்டு. இடையில் எரிந்தால் ஆன்டாசிட் சிரப் போதும். ஆஸ்பிரினோ வலி மாத்திரையோ தொடர்ந்து எடுப்பவர்கள், வயிற்றுப் புண்ணில் ரத்தம் கசிந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. மலம் கறுத்தாலோ, விழுங்கச் சிரமப்பட்டாலோ எண்டோஸ்கோபிதான், மாத்திரையை மாற்றிப் பார்ப்பதில் அர்த்தமில்லை.

கயல்:
ராத்திரி மட்டும் எரிந்தால்?

மாத்திரைப்பெட்டி:
டாக்டரிடம் கேட்டு அதே மாத்திரையை இரவுச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் மாற்றலாம். சாப்பிட்டுவிட்டுப் படுக்கும்போது போட்டால்தான் பலன் குறையும்.