ஆபீஸ் கம்ப்யூட்டரில் குரோமை எடுத்துவிட்டு ஃபயர்பாக்ஸ் போடலாமா?

திருப்பூர்_பனியன்:
எங்கள் பனியன் கம்பெனி ஆபீஸில் எல்லாக் கம்ப்யூட்டரிலும் குரோம்தான். மெர்ச்சண்டைசர், பேக்கிங் சூப்பர்வைசர், கணக்கு பார்க்கிறவர் என யார் வந்தாலும் காலியாக இருக்கிற சீட்டில் உட்கார்ந்து வேலையை முடித்துவிட்டுப் போவார்கள். போன மாதம் இங்கே வேலை செய்யும் ஒரு பெண் சாப்பாட்டு நேரத்தில் குழந்தைப்பேறு சிகிச்சை பற்றித் தேடியிருக்கிறார். மறுநாள் நூல் விலை பார்க்கலாம் என்று ஒரு பக்கத்தைத் திறந்தால் ஓரம் முழுக்கக் கருத்தரிப்பு மைய விளம்பரம். சுற்றி நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த நாள் அந்தப் பெண் வேலைக்கு வரவில்லை.

ஒருவர் வீட்டு விஷயம் இப்படி ஆபீஸ் ஸ்கிரீனில் வருவதை நான் விடப்போவதில்லை. எல்லாவற்றையும் ஃபயர்பாக்ஸுக்கு மாற்றப் போகிறேன். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

ஈரோடு_கணக்கு:
எனக்கு மறுப்பு இருக்குதுங்க தம்பி. அந்தப் பொண்ணுக்கு நடந்தது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் நீங்கள் பழியைப் பிரவுசர் மேல் போடுகிறீர்கள். ஆபீஸ் முழுக்க ஒரே விண்டோஸ் லாகின், ஒரே கூகுள் கணக்கு என்று விட்டால் எந்தப் பிரவுசரிலும் இது நடக்கும். ஆளுக்கொரு லாகின் போடுங்கள், கூகுள் கணக்கில் ஆளுக்கேற்ற விளம்பரம் காட்டுகிற செட்டிங்கை அணைத்து வையுங்கள்.

நான் மஞ்சள் வியாபாரிகளுக்கு ஜிஎஸ்டி பார்க்கிறேன். 20ஆம் தேதி சாயங்காலம் 3பி என்கிற மாத ரிட்டர்ன் போடும்போது, டிஜிட்டல் கையெழுத்து இருக்கிற டிஎஸ்சி டோக்கனைச் செருகினால் கையெழுத்து விழ வேண்டும். அது பழகிய பிரவுசரில் ஓடுகிறது. கடைசி நாளில் புதுசை வைத்துக்கொண்டு யார் மல்லுக்கட்டுவது?

பீளமேடு_கோடர்:
அக்கா சொல்கிற தனி லாகின் அவசியம். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அதோடு முடியாதுங்க. பல தளங்களில் ஒரே விளம்பரக் கம்பெனியின் குக்கீ, அதாவது நம்மை அடையாளம் வைத்துக்கொள்கிற சின்னக் குறிப்பு, உட்கார்ந்துகொண்டு, இங்கே பார்த்ததை அங்கே ஒட்டுகிறது. இதைத் தடுக்கிறதில்தான் பிரவுசருக்குப் பிரவுசர் வித்தியாசம். ஃபயர்பாக்ஸ் 2022 ஜூனிலிருந்து எல்லோருக்கும் தானாகவே ஒவ்வொரு தளத்தின் குக்கீயையும் தனித்தனியாக அடைத்து வைக்கிறது. ஒவ்வொரு கடைக்கும் தனிப் பற்று நோட்டு போட்ட மாதிரி, ஒரு கடைக்காரர் இன்னொரு கடைக் கணக்கைப் பார்க்க முடியாது. ஆப்பிளின் சஃபாரி 2020 மார்ச்சிலேயே வெளியார் குக்கீகளை, அதாவது நாம் திறந்த தளம் அல்லாத மற்றவர்கள் வைக்கிறதை, மொத்தமாகத் தடுத்துவிட்டது. கூகுளும் 2020 ஜனவரியில், குரோமில் இந்தக் குக்கீகளை இரண்டே வருடத்தில் எடுத்துவிடுகிறோம் என்றது. தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. விளம்பரத்தில் பிழைக்கிற கம்பெனி அதைச் சும்மா விட்டுக்கொடுக்குமா?

திருப்பூர்_பனியன்:
எங்கள் சூப்பர்வைசர் 'குரோமில் இருக்கிற மறைவு ஜன்னல், இன்காக்னிட்டோவில் தேடச் சொல்லிவிடலாமே' என்கிறார்.

பீளமேடு_கோடர்:
அது அந்தக் கம்ப்யூட்டரில் ஹிஸ்டரி நிற்காமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். இன்காக்னிட்டோவில் இருந்தபோதும் கூகுள் தகவல் சேர்த்தது என்று அமெரிக்காவில் 2020இல் வழக்குப் போட்டார்கள். 2023 கடைசியில் சமரசத்துக்கு வந்த கூகுள், சேர்த்ததை அழிக்க 2024இல் ஒப்புக்கொண்டது.

கரூர்_தறி:
ஃபயர்பாக்ஸ்காரர்களை மட்டும் ஏன் நம்ப வேண்டும்? அதைச் செய்கிற மோசில்லாவின் வருமானத்தில் பெரும்பங்கு கூகுள் கொடுப்பது, தேடலுக்குக் கூகுளையே முதலில் வைக்கிறதற்காக. 2025 பிப்ரவரியில், உங்கள் தகவலை ஒருபோதும் விற்க மாட்டோம் என்கிற உறுதிமொழி வரியை அவர்களே எடுத்தார்கள். சத்தம் கிளம்பிய பிறகு விளக்கம் கொடுத்தார்கள். பிரேவ் என்கிற பிரவுசர் பக்கம் போனால், அது 2020இல் பயனர் அடித்த முகவரியில் தன் கமிஷன் லிங்க்கைச் சேர்த்து மாட்டிக்கொண்டது. நம்மூர் ஆட்கள் செய்தது என்று பார்த்தால் சோஹோவின் உலா பிரவுசர் இருக்கிறது, 2023இல் வந்தது. விளம்பரம் விற்காத கம்பெனி. நான் அதைத்தான் சொல்வேன்.

பீளமேடு_கோடர்:
உலாவை நானும் மதிக்கிறேன் அண்ணா. ஆனால் அதுவும் பிரேவும் குரோமுக்கும் அடித்தளமாக இருக்கிற குரோமியம் மேலே கட்டியது. பக்கத்தை வாங்கிக் காட்டுகிற எஞ்சின் அடியில் இருக்கிறது, அதில் என்ன மாற வேண்டும் என்பதில் பெரும்பாலும் கூகுள் வைத்ததுதான் சட்டம். விளம்பரம் தடுக்கிற யூபிளாக் ஆரிஜின் குரோமில் முழுசாக ஓடியது. எக்ஸ்டென்ஷன், அதாவது பிரவுசரில் சேர்க்கிற துணை நிரல், அதற்கான விதியை மாற்றிக் கூகுள் அதை நிறுத்திவிட்டது, இப்போது சிறிய வடிவம்தான் கிடைக்கிறது. ஃபயர்பாக்ஸில் முழுசாக ஓடுகிறது, ஆண்ட்ராய்டு போனிலும் சேர்த்து. மோசில்லா கூகுளிடம் காசு வாங்குவது எனக்கும் உறுத்தல்தான். ஆனாலும் தனி எஞ்சின் வைத்துக்கொண்டு நிற்கிற பெரிய ஆள் ஆப்பிளைத் தவிர அவர்கள்தான். அதுவும் போய்விட்டால் விண்டோஸில் நமக்கு என்ன மிச்சம்?

பொள்ளாச்சி_தோப்பு:
இவ்வளவு பேச்சும் கம்ப்யூட்டர் வைத்திருக்கிறவர்களுக்குங்க. எங்கள் பக்கம் தேங்காய் விலை, கொப்பரை விலை எல்லாம் வாட்ஸ்அப்பில் வருகிறது. உரக்கடையில் பில் போடப் போன் நம்பர், ஜவுளிக்கடையில் போன் நம்பர். பிரவுசரை மாற்றி என்ன ஆகப்போகிறது?

திருப்பூர்_பனியன்:
போன் நம்பர் கேட்கிற கடையில் கொடுக்க முடியாது என்று சொல்லலாம், நான் சொல்லியும் இருக்கிறேன். எல்லா ஓட்டையும் அடைபடாது என்பதற்காகக் கைக்கு எட்டுகிற ஓட்டையையும் அப்படியே விடுவதா? என் ஆபீஸில் உட்கார்கிறவர்களுக்கு நான் பொறுப்பு. அவர்கள் செட்டிங்கைத் தேடிப் போய் அணைக்க மாட்டார்கள். திறந்த உடனே எது இருக்கிறதோ அதுதான் அவர்களுக்கு.

ஈரோடு_கணக்கு:
அந்தக் கடைசி வரியை ஒத்துக்கொள்கிறேன். தானாக எது அமைந்திருக்கிறதோ அதைத்தான் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் உபயோகிக்கிறார்கள். ஆனால் ஃபயர்பாக்ஸ் போட்டாலும் கூகுள் கணக்கில் உள்ளே இருந்துகொண்டு கூகுளிலேயே தேடினால் தேடியது அவர்களிடம்தான் போகிறது, அதை ஏன் இங்கே யாரும் சொல்லவில்லை?

பீளமேடு_கோடர்:
சரியான கேள்வி அக்கா. கணக்கிலிருந்து வெளியே வர வேண்டும், தேடலைக் கூகுளிலிருந்து டக்டக்கோ போன்ற வேறு தேடல் தளத்துக்கு மாற்ற வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் பலன்.

கரூர்_தறி:
தமிழில் தேடினால் டக்டக்கோ எனக்குத் திருப்தியாக இல்லை. உலாவை விட்டு நான் நகரவில்லை.

ஈரோடு_கணக்கு:
தம்பி, மாற்றுவதாக முடிவு செய்துவிட்டால் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுகிற 11ஆம் தேதிக்கும் 20ஆம் தேதிக்கும் நடுவில் கை வைக்காதீர்கள். 21க்கு மேல் செய்யுங்கள். டிஎஸ்சி போடுகிற ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் குரோமை வையுங்கள், அதில் ஜிஎஸ்டியும் பேங்கும் தவிர வேறு எதையும் திறக்க விடாதீர்கள். அப்புறம் பாஸ்வேர்டுகளைக் குரோமிலிருந்து சிஎஸ்வி கோப்பாக எடுப்பீர்கள். அதில் எல்லாப் பாஸ்வேர்டும் அப்படியே படிக்கிற மாதிரி இருக்கும். ஃபயர்பாக்ஸில் ஏற்றியதும் அதை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள். டெஸ்க்டாப்பில் அதை மறந்துவிட்டுப் போன ஆபீஸ்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.